உப்புத் தாளுக்கும் ஆல்புமின் தாளுக்கும் புற ஊதா வெளிச்சம் காட்டும் முறை

உப்பும் வெள்ளியும் ஏற்றிய உப்புத் தாள், முட்டை வெள்ளைக்கருப் பூச்சுள்ள ஆல்புமின் தாள் ஆகிய இரண்டு பழைய புகைப்பட அச்சுத் தாள்களும் டெவலப்பர் கேட்காதவை. வெளிச்சம் பட்ட இடத்திலேயே வெள்ளி கறுத்து, படம் கண்ணெதிரே உருவாகும். அதனால் வெளிச்சம் காட்டுவதுதான் இங்கே டெவலப் செய்வதும். அந்தப் பத்து இருபது நிமிடங்களில் நடந்த தவறை அடுத்து வரும் எந்த ரசாயனமும் சரிசெய்யாது. டால்பட் 1839-இல் வெளியிட்ட உப்புத் தாளுக்கும், பிளாங்கார்ட்-எவ்ரார் 1850-இல் அறிமுகப்படுத்திய ஆல்புமின் தாளுக்கும் வெயில்தான் விளக்கு. இன்று புற ஊதா டியூப்களும் எல்இடிகளும் இருக்கின்றன. விளக்கு மாறினாலும் தாளின் குணம் மாறவில்லை.

அந்தக் குணத்தை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். நெகட்டிவின் தெளிவான பகுதிக்குக் கீழே தாள் விரைவில் கறுக்கும். அப்படி உருவான வெள்ளியே தன் கீழுள்ள சில்வர் குளோரைடுக்குத் திரையாகி, மேற்கொண்டு வெளிச்சம் இறங்குவதைத் தடுக்கும். நிழல் பகுதி ஓரளவு கறுத்ததும் வேகம் குறைந்துவிடும். அடர்ந்த பகுதிக்குக் கீழுள்ள வெளிர் பகுதியோ மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே இந்த அச்சில் நேரத்தை நிர்ணயிப்பது வெளிர் பகுதி. நிழல் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். கறுப்பு போதவில்லை என்று நேரத்தைக் கூட்டுபவர்கள் வெளிர் பகுதியைச் சாம்பலாக்கிவிடுவார்கள். கறுப்பும் பெரிதாக ஏறியிருக்காது. அந்தக் குறைக்கு மருந்து நெகட்டிவிலோ தாளின் பூச்சிலோ இருக்கிறது.

நெகட்டிவ்

சாதாரண ஜெலட்டின் தாளுக்கு ஏற்ற நெகட்டிவில் அடர்த்தி வீச்சு (மிக அடர்ந்த இடத்துக்கும் மிகத் தெளிவான இடத்துக்கும் உள்ள வித்தியாசம்) 1.0 முதல் 1.2 வரை இருக்கும். அதே நெகட்டிவை உப்புத் தாளில் வைத்தால் சப்பென்று ஒரு பழுப்புப் படம் வரும். இந்த இரண்டு தாள்களுக்கும் 1.7 முதல் 2.0 வரை வீச்சு வேண்டும். ஃபிலிமில் எடுப்பதானால் வழக்கமான டெவலப் நேரத்தை ஒன்றரை மடங்காக்கி ஆரம்பியுங்கள். பைரோ டெவலப்பரில் கழுவிய ஃபிலிம் மஞ்சள் பச்சைக் கறை பிடித்திருக்கும். அந்தக் கறை புற ஊதாவைக் கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகமாகத் தடுக்கும். எனவே அடர்த்தியை அளக்கும் சாதாரண டென்சிடோமீட்டர் காட்டும் எண்ணைவிட அதன் உண்மையான வீச்சு அதிகம்.

இங்க்ஜெட் நெகட்டிவிலும் இதே சிக்கல் உண்டு. மைக்கு மை புற ஊதாவைத் தடுக்கும் அளவு வேறுபடும். கண்ணுக்கு இளசாகத் தெரியும் மஞ்சள் மை புற ஊதாவுக்குச் சுவராக நிற்கலாம். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவது ஓரளவு ஒழுகலாம். கண்ணால் முடிவு செய்ய வழியே இல்லை. அச்சிட்டுத்தான் பார்க்க வேண்டும். படத்தை இடவலம் மாற்றி அச்சடியுங்கள். அப்போதுதான் மைப் பக்கத்தைத் தாளோடு ஒட்டி வைக்க முடியும். மை உலர ஒரு நாளாவது விடுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் தாளில் ஒட்டிக்கொள்ளும்.

விளக்கு

சில்வர் குளோரைடு பெரும்பாலும் 400 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியைத்தான் உறிஞ்சும். ஊதா நிறத்திலும் கொஞ்சம் வேகம் உண்டு. நமக்கு வேண்டியது 350 முதல் 400 நானோமீட்டர் வரை, அதாவது புற ஊதா-ஏ. கிருமி நீக்கும் விளக்குகளை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். அவை 254 நானோமீட்டரில் எரிபவை. கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். நெகட்டிவையும் தாளையும் பிடிக்கும் ஃபிரேமின் கண்ணாடியையோ அந்த ஒளி தாண்டவே தாண்டாது. ஆபத்து மட்டும் மிஞ்சும்.

டியூப் வகையில் பிஎல் என்று குறிக்கப்பட்டவை போதும். பூச்சிகளை ஈர்க்கும் கருவிகளில் இருப்பவை இந்த ரகம்தான். பிஎல்பி என்ற கருநீலக் கண்ணாடி டியூப்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் வடிகட்டுகின்றன. அச்சுக்கு அதனால் கூடுதல் லாபம் இல்லை, விலைதான் கூடுதல். 8×10 அங்குலத் தாளுக்கு 60 செ.மீ. நீள டி8 டியூப்கள் எட்டு, நடுவுக்கு நடு 4 செ.மீ. இடைவெளியில் பொருத்துவது நல்ல அளவு. டியூபிலிருந்து கண்ணாடிக்கு 6 முதல் 8 செ.மீ. தூரம் வையுங்கள். இந்தத் தூரம் டியூப்களின் இடைவெளிக்குக் குறைந்தால் அச்சில் வரிவரியாகக் கருமை விழும். டியூபின் இரு முனையிலும் ஐந்து செ.மீ. அளவுக்கு வெளிச்சம் குறைவு. தாள் அங்கே வரக்கூடாது.

டியூப்களுக்குப் பின்னால் வெள்ளை பெயின்ட் அடிக்கலாமா என்றால், அடிக்க வேண்டாம். வெள்ளை பெயின்டில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்ஸைடு கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தாலும் புற ஊதாவை விழுங்கிவிடும். பூச்சில்லாத அலுமினியத் தகடோ, சமையலறை அலுமினியத் தாளோ புற ஊதாவை நன்றாகத் திருப்பி அனுப்பும். பெட்டி உலோகமானால் எர்த் இணைப்பு கட்டாயம்.

டியூபைப் போட்ட உடனே முழு வெளிச்சம் வராது. ஐந்து நிமிடம் எரியவிட்டுப் பிறகு ஃபிரேமை உள்ளே வையுங்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடங்களில் பழைய சோக் வைத்த டியூப்களின் வெளிச்சமும் ஏறி இறங்கும்; எலக்ட்ரானிக் பேலஸ்ட் நிதானமானது.

எல்இடி போட்டதும் முழு அளவில் எரியும். 365, 385, 395, 405 என்று பல அலைநீளங்களில் கிடைக்கிறது. 395-க்கு மேற்பட்டவை மலிவு, கிடைப்பதும் எளிது. உப்புத் தாளும் ஆல்புமினும் அதில் அச்சாகும். ஆனால் 365-இல் கண்ட நேரத்தையும் கான்ட்ராஸ்டையும் அங்கே எதிர்பார்க்கக் கூடாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்கே அளவு எடுத்து, அதையே வைத்துக்கொள்ளுங்கள். எல்இடி சூடேறினால் வெளிச்சம் குறையும், ஆயுளும் குறையும். அலுமினியத் தட்டில் பொருத்தி, சிறு மின்விசிறி வையுங்கள். ஸ்ட்ரிப் வகையை 2 செ.மீ. இடைவெளியில் வரிசையாக ஒட்டி, 10 செ.மீ. தூரத்தில் தாளை வைத்தால் புள்ளி புள்ளியாக விழாது.

ஒற்றை ஃபிளட் விளக்கானால் கணக்கே வேறு. புள்ளி போன்ற விளக்கை 30 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டால் 8×10 தாளின் மூலைக்கு வரும் வெளிச்சம் நடுவில் இருப்பதில் அறுபது சதவீதம்தான். முக்கால் ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவான வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரண்டு மடங்காவதோ பாதியாவதோ). அதையே 60 செ.மீ.க்கு உயர்த்தினால் மூலையில் 87 சதவீதம் கிடைக்கும், வித்தியாசம் ஸ்டாப்பில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் நேரம் நான்கு மடங்காகும். அந்த நேரத்தைக் கொடுப்பதே மேல். தூரத்திலிருந்து வரும் ஒற்றை ஒளி நேராக விழுவதால் கூர்மையும் கூடும். விளக்கின் முன் லென்ஸோ ரிஃப்ளெக்டரோ இருந்தால் இந்தக் கணக்கு பிசகும். அப்போது சோதனைதான் வழி. தூரத்தைப் பாதியாக்கினால் நேரம் கால் பங்காகும் என்ற விதி இப்படிப்பட்ட ஒற்றை விளக்குக்கு மட்டுமே. அருகில் வைத்த டியூப் வரிசைக்கு அது பொருந்தாது. அங்கே தூரத்தை இரண்டு மடங்காக்கினாலும் வெளிச்சம் கொஞ்சம்தான் குறையும்.

எந்த விளக்கானாலும் புற ஊதாவைத் தடுக்கும் கண் கவசம் இல்லாமல் பார்க்காதீர்கள். பெட்டிக்குத் திரையோ கதவோ போடுங்கள். 365 எல்இடி மங்கலாகத் தெரிவதால் பலர் அதை நேரே உற்றுப் பார்த்துவிடுகிறார்கள். மங்கலாக இருப்பது கண்ணுக்குத்தான். விழித்திரைக்கும் விழிலென்ஸுக்கும் விழும் சுமை குறைவதில்லை.

ஃபிரேமும் கண்ணாடியும்

பின்பலகை இரண்டாகப் பிரிந்து கீல் வைத்த காண்டாக்ட் ஃபிரேம்தான் இந்த வேலைக்குச் சரி. ஒரு பாதியைத் திறந்து அச்சைப் பார்க்கும்போது மறு பாதி நெகட்டிவையும் தாளையும் அசையாமல் பிடித்திருக்கும். கீலில்லாத ஃபிரேமில் பார்த்துப் பார்த்து அச்சிடவே முடியாது.

சாதாரண 4 மி.மீ. ஜன்னல் கண்ணாடி 365 நானோமீட்டர் ஒளியைப் பெரும்பாலும் உள்ளே விடும். படங்களைப் பாதுகாக்க விற்கும் புற ஊதா தடுப்புக் கண்ணாடி, இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த லேமினேட் கண்ணாடி, பாலிகார்பனேட், சில அக்ரிலிக் ஷீட்டுகள் ஆகியவை அதைத் தடுத்துவிடும். சந்தேகமிருந்தால் ஒரு துண்டு உப்புத் தாளின் பாதியைக் கண்ணாடியால் மூடி, மறு பாதியைத் திறந்தே விட்டு வெளிச்சம் காட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.

டியூப் வெளிச்சம் எல்லாத் திசையிலிருந்தும் வருவதால் நெகட்டிவுக்கும் தாளுக்கும் நடுவே ஒரு தலைமுடி அளவு இடைவெளி இருந்தாலும் அந்த இடம் மசமசவென்று ஆகும். பின்பலகைக்கும் தாளுக்கும் நடுவே ஒரு கம்பளித் துணியோ மெல்லிய ரப்பர் ஸ்பான்ஜோ வையுங்கள். 11×14 அங்குலத்துக்கு மேல் போனால் ஸ்பிரிங் ஃபிரேமின் அழுத்தம் நடுவில் போதாது. வேக்குவம் ஃபிரேம் தேவைப்படும்.

நெகட்டிவ் விலைமதிப்பற்றது என்றால் அதற்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பாலியெஸ்டர் ஃபிலிம் வைப்பது நல்ல காப்பு. 12 முதல் 25 மைக்ரான் தடிமன் போதும். 100 மைக்ரான் ஃபிலிமானால் டியூப் வெளிச்சத்தில் கூர்மை போய்விடும்.

தாள்

சுண்ணாம்புக் கலப்பில்லாத நூறு சதவீதப் பருத்தித் தாள் எடுத்துக்கொள்ளுங்கள். உப்புக் கரைசலுக்கு 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் ஜெலட்டின் 8 கிராம் ஊறவைத்துச் சூடாக்கிக் கரைத்து, அம்மோனியம் குளோரைடு 20 கிராமும் சோடியம் சிட்ரேட் 18 கிராமும் சேருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போது தாளை மூன்று நிமிடம் மூழ்கவைத்து, தொங்கவிட்டு உலர்த்துங்கள். முன் பக்கத்தில் பென்சிலால் ஓர் அடையாளம். உலர்ந்தபின் எது முன், எது பின் என்று தெரியாது.

ஆல்புமினுக்கு 500 மி.லி. முட்டை வெள்ளைக்கரு, 15 கிராம் அம்மோனியம் குளோரைடு, 15 மி.லி. நீர், 28 சதவீத அசெட்டிக் அமிலம் 2 மி.லி. எல்லாம் நுரையாகும்வரை அடித்து, ஒரு நாள் குளிரில் விட்டு, நுரை நீராக மாறியதும் மஸ்லின் துணியில் வடிகட்டி, ஒரு வாரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். தாளை அதன்மேல் இரண்டு நிமிடம் மிதக்கவிட்டு உலர்த்த வேண்டும். குமிழி மாட்டினால் அந்த இடம் வெள்ளைப் புள்ளியாகவே நிற்கும்.

உப்புத் தாளுக்கு 12 சதவீத சில்வர் நைட்ரேட். 8×10-க்கு சுமார் 2 முதல் 2.5 மி.லி. பிரஷில் பூசலாம். பிரஷில் உலோகப் பட்டை இருக்கக்கூடாது. உலோகம் தொட்ட இடத்தில் கறுப்புப் புள்ளிகள் வரும். ஆல்புமினுக்கு 15 சதவீதக் கரைசல், மூன்று நிமிடம் மிதக்கவிடுங்கள். 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ஆல்புமின் படலம் உறைவதற்கு முன்பே கரைசலில் கரைந்து போகும். கையுறையும் கண் கவசமும் போட்டே வேலை செய்யுங்கள். சில்வர் நைட்ரேட் தோலைக் கறுக்கவைக்கும், அரிக்கவும் செய்யும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

மங்கலான மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் இதையெல்லாம் செய்யலாம். ஜன்னல் வெளிச்சமும் வெள்ளை டியூப்லைட்டும் ஆகாது. வெள்ளி பூசிய தாள் சில மணி நேரத்தில் தானாகவே பழுப்பேறத் தொடங்கும். அன்று பூசியதை அன்றே அச்சிடுவது நல்லது. சில மணி நேரம் தள்ள வேண்டியிருந்தால் வெள்ளிக் கரைசலில் 5 சதவீதம் சிட்ரிக் அமிலம் சேருங்கள்.

தாளின் ஈரம் பற்றிப் பலரும் கவலைப்படுவதில்லை. ஆனால் ஒரே தாள், ஒரே நெகட்டிவ், ஒரே நேரம் என்றிருந்தும் இரண்டு நாள் இரண்டு விதமாக அச்சு வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். எலும்பாய்க் காய்ந்த தாளில் கறுப்பு ஏறாது, நிறமும் சிவந்து நிற்கும். ஈரம் அதிகமானால் வெள்ளி நெகட்டிவில் ஒட்டி, அழியாத பழுப்புக் கறை விடும். பூசியபின் பத்து நிமிடம் படுக்கையாக விட்டு, பின் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று காட்டி உலர்த்துங்கள். அறையின் ஈரப்பதம் 50 முதல் 65 சதவீதம் இருப்பது நல்லது. தாளைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கக்கூடாது. வளைத்தால் படபடக்கவும் கூடாது.

முதல் சோதனை

படம் எதையும் வைப்பதற்கு முன்னால் வெளிச்சம் சீராக விழுகிறதா என்று பாருங்கள். நெகட்டிவ் இல்லாமல், முழுத் தாளை நடுச் சாம்பல் வரும்வரை மட்டும் காட்டுங்கள். டியூப் பெட்டியில் அரை நிமிடம், ஒரு நிமிடம் போதும். முழுக் கறுப்பு வரை போனால் மேடு பள்ளம் மறைந்துவிடும். வெள்ளியை மிச்சப்படுத்த வேண்டுமானால் இந்தச் சோதனையை வெள்ளி தேவைப்படாத நீல நிற சயனோடைப் தாளில் செய்யலாம்.

அடுத்தது நேரம். 21 படி ஸ்டெப் டேப்லெட் (தெளிவிலிருந்து கறுப்பு வரை படிப்படியாக அடர்த்தி கூடும் ஃபிலிம் பட்டை) ஒன்று அவசியம் வேண்டும். படிக்குப் படி அடர்த்தி 0.15 கூடும், அது அரை ஸ்டாப். டியூப் பெட்டியில் உப்புத் தாளுக்கு 10 நிமிடம், ஆல்புமினுக்கும் அதே 10 நிமிடம் என்று ஆரம்பியுங்கள்; உச்சி வெயிலானால் 5 நிமிடம். இவை தொடக்கப் புள்ளிகள் மட்டுமே. டேப்லெட்டை அச்சிட்டு, கழுவி, ஃபிக்ஸ் செய்து (மிஞ்சிய வெள்ளி உப்பை நீக்கிப் படத்தை நிலைப்படுத்தி), உலர்த்தி, அதற்குப் பிறகே படிகளை எண்ணுங்கள். ஈரத்தில் எண்ணினால் கணக்கு தப்பும்.

உலர்ந்த அச்சில் வெள்ளைத் தாளிலிருந்து பிரித்தறிய முடிகிற கடைசிப் படி எது என்று பாருங்கள். அது 11-ஆம் படி என்று வைத்துக்கொள்வோம். அதன் அடர்த்தி 1.55. உங்கள் நெகட்டிவில் விவரம் தெரிய வேண்டிய மிக அடர்ந்த இடம் 1.85 என்றால் வித்தியாசம் 0.30, அதாவது ஒரு ஸ்டாப். நேரத்தை இரண்டு மடங்காக்குங்கள்: 20 நிமிடம். அதே இடம் 1.40 என்றால் 0.15 குறைவு; 10 நிமிடத்தை 7 நிமிடமாக்கலாம். வெள்ளித் துகளால் ஆன சாதாரண ஃபிலிமுக்கு இந்தக் கணக்கு ஒத்துவரும். பைரோ கறைக்கும் இங்க்ஜெட் மைக்கும் ஒத்துவராது. இங்க்ஜெட்டானால் ஒரு படி அட்டவணையை அதே மையில் ஃபிலிமில் அடித்து, இந்தத் தாளில் அச்சிட்டு, அதிலிருந்து வளைவு (நெகட்டிவின் சாயங்களைத் திருத்தும் கணக்கு) எடுக்க வேண்டும். நேரம், தாள், விளக்கு மூன்றும் நிலைப்பட்டபின் எடுக்கும் வளைவுக்கே மதிப்பு.

பார்த்து அச்சிடுதல்

நேரக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் கடைசி முடிவு கண்ணுடையது. அச்சு கண்முன்னே வளர்வதுதான் இந்த முறையின் பெரிய வரம். அதை டைமரிடம் விட்டுவிடுவது நஷ்டம்.

நெகட்டிவின் பூச்சுப் பக்கம் தாளின் பூச்சுப் பக்கத்தோடு ஒட்ட வேண்டும். இரண்டையும் ஓர் ஓரத்தில், திறக்காத பாதியின் பக்கம், மெல்லிய டேப்பால் பிணைத்துவிடுங்கள். கணக்கிட்ட நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆனதும் ஃபிரேமை மங்கலான மஞ்சள் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, ஒரு பாதியைத் திறந்து, தாளை மட்டும் மெல்லத் தூக்கிப் பாருங்கள். நெகட்டிவைத் தொடாதீர்கள். சில நொடிகளில் முடித்துவிட்டு மூடுங்கள்.

எங்கே நிறுத்துவது? கழுவும்போதும் ஃபிக்ஸரிலும் அச்சு நிறைய வெளுக்கும். உலரும்போது கொஞ்சம் திரும்பக் கறுக்கும், ஏறக்குறைய அரை ஸ்டாப். ஆகவே ஃபிரேமில் பார்க்கும்போது முடிவில் வேண்டியதைவிட ஒன்றரை ஸ்டாப் கறுப்பாக இருக்க வேண்டும். இதை மனதில் பிடிக்க ஒரு வழி உண்டு: முடிந்த படத்தில் வெறும் வெள்ளைக்கு ஒரு படி கீழே நிற்க வேண்டிய ஓர் இடத்தை முன்பே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணியின் மடிப்பு, மேகத்தின் ஓரம், முகத்தில் வெளிச்சம் பட்ட கன்னம் என ஏதாவது ஒன்று. ஃபிரேமில் அந்த இடம் தெளிவாக ஒரு சாயம் ஏறி, ‘ஐயோ, கூடிவிட்டதே’ என்று தோன்றும் அளவில் இருந்தால் சரியாக இருக்கிறது. அழகாக இருக்கும்போது எடுத்தால், உலர்ந்தபின் அந்த இடத்தில் வெறும் தாள்தான் இருக்கும். அதே சமயம் ஆழ்ந்த நிழல்களில் உலோகப் பளபளப்பு தட்டத் தொடங்கலாம். லேசாக இருந்தால் ஃபிக்ஸரில் பெரும்பாலும் போய்விடும்.

நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஃபிரேமில் கத்தரிப்பூ நிறமாகத் தெரியும் அச்சு ஃபிக்ஸரில் இறங்கியதும் செங்கல் சிவப்பாக மாறும். உலரும்போது பழுப்புக்குத் திரும்பும். ஊதா கலந்த பழுப்பு வேண்டுமென்றால் ஃபிக்ஸ் செய்வதற்கு முன் தங்கக் கரைசலில் நிறம் மாற்றும் டோனிங் செய்யுங்கள். தங்கம் அச்சின் ஆயுளையும் கூட்டும்.

வெயிலும் நிழலும்

வெயிலில் அச்சிடுவோர் கையில் ஒரு கான்ட்ராஸ்ட் கருவி இருக்கிறது. அதைப் பலரும் பயன்படுத்துவதில்லை. வெளிச்சம் வலுவாக இருந்தால் அச்சு மென்மையாகும், வலுக் குறைந்தால் கான்ட்ராஸ்ட் கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சுக்கூடங்களில் இது அன்றாட அறிவு. அடர்ந்து முரட்டுத்தனமான நெகட்டிவை நேர் வெயிலில் வைப்பார்கள். மெலிந்த நெகட்டிவை நிழலில், திறந்த வானம் பார்த்து வைப்பார்கள். அல்லது ஃபிரேமின்மேல் டிஷ்யூ தாளை விரிப்பார்கள். நேர் வெயிலில் 5 நிமிடம் கேட்ட அச்சு நிழலில் அரை மணியும் அதற்கு மேலும் கேட்கும். பொறுமைக்குப் பலன் உண்டு. விளக்குப் பெட்டியிலும் இதே உத்தி பலிக்கும்: எட்டு டியூபில் நான்கை அணைத்து நேரத்தைக் கூட்டலாம். ஆனால் 1.2 வீச்சு நெகட்டிவை இது 1.8 வேலை செய்ய வைக்காது. கிடைப்பது ஒரு சிறு திருத்தம்தான்.

நேர் வெயிலில் கண்ணாடிக்குக் கீழே தாள் சூடாகி, தாளிலுள்ள ஈரம் நெகட்டிவில் வேர்க்கும். பத்து நிமிடத்துக்கு மேல் தேவைப்பட்டால் நடுவில் நிழலில் ஆறவிட்டுத் தொடருங்கள். மேகம் வந்து போகும் நாளில் கடிகாரத்தை நம்ப முடியாது. ஃபிரேமின் பக்கத்தில் அதே தாளின் ஒரு துண்டை ஸ்டெப் டேப்லெட்டுக்குக் கீழே வைத்து, எத்தனையாவது படி வரை கறுத்தது என்று பார்த்து நிறுத்துங்கள். எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பதை அந்தத் துண்டு சொல்லிவிடும்.

வெளிச்சத்துக்குப் பின்

மங்கலான வெளிச்சத்திலேயே கழுவுங்கள். முதல் நீர் பால்போல வெளுக்கும். அது கலந்து வரும் வெள்ளி. நீர் தெளியும்வரை ஐந்தாறு முறை மாற்றுங்கள், சுமார் பத்து நிமிடம். இதைச் சுருக்கினால் மிஞ்சிய வெள்ளி ஃபிக்ஸரில் கறையாகும். பிறகு ஃபிக்ஸராக 15 சதவீத ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்), லிட்டருக்கு 2 கிராம் சோடியம் கார்பனேட் சேர்த்து, இரண்டு டிரேயில் நான்கு நான்கு நிமிடம். நேரத்தை மீறினால் வெளிர் பகுதியின் மென் சாயங்களை ஹைப்போ தின்னும். 1 சதவீத சோடியம் சல்ஃபைட்டில் மூன்று நிமிடம் வைத்து, ஓடும் நீரில் அரை மணிக்குக் குறையாமல் அலசுங்கள்.

கோளாறும் காரணமும்

அச்சு முழுவதும் சாம்பலாகச் சப்பென்று இருந்தால் முதலில் நெகட்டிவைச் சந்தேகியுங்கள். நெகட்டிவ் சரியென்றால் தாள் காய்ந்துபோயிருக்கும், அல்லது உப்புக்கு ஏற்ற வெள்ளி இல்லை. உப்பு கூடி வெள்ளி குறைந்த தாள் மெதுவாக அச்சாகும், கறுப்பு சிவப்பாகவே நிற்கும். அங்கே வெள்ளியைக் கூட்டுங்கள். நேரத்தைக் கூட்டிப் பயனில்லை.

நிழலில் செம்பு போன்ற பளபளப்பு ஃபிக்ஸருக்குப் பிறகும் நின்றால், நெகட்டிவின் நிழல் பகுதி மிகத் தெளிவாக இருக்கிறது என்று பொருள். அடுத்த நெகட்டிவில் நிழலுக்கும் கொஞ்சம் அடர்த்தி கொடுங்கள்.

ஓர் இடம் மட்டும் மங்கினால் அழுத்தம் போதவில்லை. மங்கலான இடம் எப்போதும் ஃபிரேமின் நடுவிலேயே வந்தால் பின்பலகை வளைந்திருக்கிறது. இடம் மாறி மாறி வந்தால் தாள் நெளிந்திருக்கிறது. கனமான புத்தகத்துக்குக் கீழே வைத்துச் சமப்படுத்திய பிறகே வெள்ளி பூசுங்கள். எல்லா விளிம்பும் இரட்டைக் கோடாகத் தெரிந்தால், பார்க்கத் திறந்தபோது நெகட்டிவ் நகர்ந்திருக்கிறது.

வெளிர் பகுதியில் மஞ்சள் ஓடினால் இரண்டில் ஒன்று: பூசிய தாள் நேரங்கடந்து பழசாகிவிட்டது, அல்லது ஃபிக்ஸர் சக்தி இழந்துவிட்டது. அச்சிடாத தாளின் ஓரத்தைப் பாருங்கள். வெளிச்சம் காட்டும் முன்பே அங்கே நிறம் இருந்தால் குற்றம் தாளுடையது. ஆல்புமினில் ஆண்டுகள் போகப் போக வரும் இளமஞ்சள் அந்தப் படலத்தின் இயல்பு. அதையும் இதையும் குழப்ப வேண்டாம்.

படம் ஃபிக்ஸரில் பாதி கரைந்துபோனதுபோல் இருந்தால் பெரும்பாலும் வெளிச்சம் குறைவு. அடுத்த அச்சை ஒரு ஸ்டாப் கூட்டிப் பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் ஹைப்போவின் செறிவை அளந்து பாருங்கள்.

முன்பு பத்து நிமிடத்தில் வந்த அச்சு இப்போது பதினைந்து கேட்டால் டியூப்களுக்கு வயதாகிவிட்டது. எரியும் டியூபைக் கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. நீல ஒளி பழையபடி தெரிந்தாலும் புற ஊதா தேய்ந்திருக்கும். மாதம் ஒருமுறை ஸ்டெப் டேப்லெட்டை அதே நேரத்தில் அச்சிட்டு, தேதி, ஈரப்பதம், தாள், வெள்ளியின் செறிவு ஆகியவற்றை அதன் பின்பக்கமே எழுதிவையுங்கள். இரண்டு படி பின்வாங்கியிருந்தால் வெளிச்சம் பாதியாகிவிட்டது. அப்போது எல்லா டியூப்களையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் அந்த இடம் மட்டும் கறுத்த பட்டையாக விழும்.